முதல் வீட்டுக்கு லோன் கிடைக்கவில்லை: சிக்கல் சம்பளத்திலா, பத்திரத்திலா?

வாடகைவாசி

எல்லோருக்கும் வணக்கம். கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு பழைய தனி வீடு பார்த்திருக்கிறோம். 900 சதுர அடி மனை, தரைத்தளம் மட்டும், விலை 52 லட்சம். டோக்கன் அட்வான்ஸ் 50,000 கொடுத்தாயிற்று. அது போகக் கையில் 14 லட்சம் இருக்கிறது. பிடித்தம் போக என் சம்பளம் 62,000. மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். அதில் மாதம் 20,000க்கு மேல் வரும், எல்லாம் ஜிபேயில். பைக் தவணை 4,200, போன் தவணை 2,500 ஓடுகிறது. சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) 761.

ஒரு வங்கியில் 28 லட்சத்துக்கு மேல் முடியாது என்கிறார்கள். இன்னொரு வங்கியில் லீகலில், அதாவது பத்திரங்களைச் சரிபார்க்கும் கட்டத்தில், நிறுத்திவிட்டார்கள். ஏதோ வாரிசு பிரச்சினை என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. இதற்கு நடுவில் விற்பவர், பத்திரத்தில் 40 லட்சம்தான் காட்டுவேன், மீதி 12 லட்சம் ரொக்கம் என்கிறார். ஸ்கோர் நன்றாக இருந்தால் லோன் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கே இடிக்கிறது?

கிளைமேலாளர்_ஓய்வு

தம்பி, ஸ்கோர் என்பது உள்ளே விடுவதற்கு மட்டும்தான். எவ்வளவு தருவது என்பதை வேறு மூன்று கணக்குகள் முடிவு செய்கின்றன: உங்கள் வருமானம், வீட்டின் மதிப்பு, பத்திரத்தின் சுத்தம். மூன்றில் எது குறைவோ அங்கே நிற்கும்.

28 லட்சம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். உங்கள் அளவு சம்பளத்துக்குப் பல வங்கிகள் கைக்கு வருவதில் பாதியைத்தான் தவணைக்கு ஒதுக்கும். சம்பளம் கூடினால் இந்த விகிதமும் கொஞ்சம் கூடும், வங்கிக்கு வங்கி மாறும். 62,000இல் பாதி 31,000. அதில் பைக்கும் போனும் 6,700 எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 24,300. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை. வகுத்துப் பாருங்கள், 28 லட்சம் வந்து நிற்கும். அந்த அதிகாரி உங்களுக்குக் குறைத்து எதுவும் செய்யவில்லை.

இப்போது அந்த இரண்டு தவணையும் இல்லை என்று வையுங்கள். 31,000ஐ 868ஆல் வகுத்தால் 35.7 லட்சம். மாதம் 6,700 ரூபாய்க் கடன் உங்கள் வீட்டுக்கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் விழுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் அசல் பாக்கி எவ்வளவு?

வாடகைவாசி

இரண்டும் சேர்த்து 90,000 வரும் சார். இப்படி யாரும் சொல்லவே இல்லை.

கிளைமேலாளர்_ஓய்வு

முதல் வேலையாக அதை அடைத்துவிட்டு, பாக்கி இல்லை என்ற என்ஓசி வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதனால் ரிப்போர்ட்டில் மாற்றம் தெரிய முன்போல் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

30 வருடம் போட்டாலும் தொகை கூடும். லட்சத்துக்குத் தவணை 769தான் வரும். ஆனால் கடைசி வரை கட்டினால் ஒவ்வொரு லட்சத்துக்கும் 68,000 ரூபாய் வட்டி கூடுதலாகப் போகும். மிதக்கும் வட்டியில் (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது என்பதால், 30 வருடம் போட்டுவிட்டு போனஸ் வரும்போதெல்லாம் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கட்டுகிறவர்களுக்கு நல்ல யோசனை. என் அனுபவத்தில் கட்டுகிறவர்கள் குறைவு.

நேரடிப்பேச்சு

இவ்வளவு தலைவலி எதற்கு? வங்கியை விட்டுவிட்டு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போங்கள். மனைவியின் டியூஷன் வருமானத்தையும் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் சாங்ஷன் லெட்டர் கையில்.

மதுரைக்காரி

கையில் வரும், வட்டி எவ்வளவு என்றும் சொல்லுங்களேன் அண்ணா.

நாங்கள் 2021இல் அப்படித்தான் வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வங்கிகள் 2019 அக்டோபரிலிருந்து தனிநபருக்குத் தரும் புதிய மிதக்கும் வட்டிக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி குறைத்தால் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் நம் வட்டியும் குறையும். ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர்களே வைத்திருக்கும் ஒரு விகிதம்தான். 2025இல் ரெப்போ 6.5இலிருந்து 5.25 வரை இறங்கியது. எங்கள் தவணை அசையவே இல்லை. போய்க் கேட்டால் 'கன்வர்ஷன் ஃபீஸ் கட்டுங்கள், குறைக்கிறோம்' என்றார்கள்.

வருமானச் சான்று இல்லாதவர்களுக்கு அவர்கள் ஒரு வழி என்பதை மறுக்கவில்லை. எங்களுக்கும் அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளமும் 761 ஸ்கோரும் வைத்திருக்கிறவர் முதலிலேயே அங்கே போக வேண்டியதில்லை.

நேரடிப்பேச்சு

சரி, அது நியாயம்தான். ஆனால் வங்கி லீகலில் நிறுத்திய வீட்டை என்ன செய்வது? அங்கேதான் இவர்கள் கைகொடுக்கிறார்கள்.

பத்திரப்பித்தன்

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வங்கிகளுக்கான லீகல் ஒப்பீனியன் வேலை பார்க்கிறேன். வங்கி லீகலில் நிற்கும் வீட்டை யாரோ கடன் தருகிறார்கள் என்பதற்காக வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. லீகல் பார்க்கும் வக்கீல் ஃபீஸ் உங்களிடம்தான் வாங்குகிறார், ஆனால் வங்கிக்குப் பயந்து உண்மையைச் சொல்கிறார். அவர் வேண்டாம் என்றால் அது உங்களுக்கும் வேண்டாம்தான்.

வாடகைவாசி, முதலில் வங்கியிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் மனுவை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளில் இருக்கிறது. அப்புறம் இந்த விவரங்களைச் சொல்லுங்கள்: விற்பவர் பெயருக்குச் சொத்து எப்படி வந்தது? மூலப்பத்திரம் யார் பெயரில், எந்த வருடம்? பட்டா தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? வீட்டுக்கு வரைபட அனுமதி இருக்கிறதா?

வாடகைவாசி

அப்பா 1994இல் கிரயம் வாங்கிய மனை. அவர் 2011இல் இறந்துவிட்டார், உயில் இல்லை. இரண்டு மகன்களும் அம்மாவும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு மகள் ஓசூரில் இருக்கிறார். 'அவளுக்குக் கல்யாணத்தின்போதே நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று, அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை' என்று மூத்தவர் சொல்கிறார். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். வரைபடம் பஞ்சாயத்தில் வாங்கியது.

பத்திரப்பித்தன்

உங்கள் லோன் நின்ற இடம் இதுதான்.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்தார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. 1956இலிருந்தே இதுதான் சட்டம். 1989, 2005 திருத்தங்கள் எல்லாம் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை, அதை இங்கே போட்டுக் குழப்ப வேண்டாம். சீர் செய்ததற்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்லை. மகள் நேரில் வந்து கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சகோதரர்களுக்கோ அம்மாவுக்கோ தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த 'எனக்கு ஆட்சேபணை இல்லை' எல்லாம் செல்லாது.

இன்னொரு கேள்வி, இதைப் பலரும் கேட்க மறந்துவிடுவார்கள். 2011இல் அந்த அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, உயிரோடு இருந்தாரா?

வாடகைவாசி

கேட்டேன். இருந்திருக்கிறார். 2016இல்தான் இறந்தாராம். அதற்கு என்ன?

பத்திரப்பித்தன்

மகன் உயில் இல்லாமல் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக 2011இல் பங்கு ஐந்தாகப் பிரிந்தது: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், பாட்டி. 2016இல் பாட்டி இறந்தபோது அவருடைய ஐந்தில் ஒரு பங்கு, அவரும் உயில் எழுதியிருக்காவிட்டால், அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இந்த வீட்டுக்காரரின் சித்தப்பா, அத்தைகளுக்கும். அவர்களில் யாராவது இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள், பாட்டி பெயர் அதில் இருக்கும். இல்லாவிட்டால் அது இன்னும் பெரிய கேள்வி. வில்லங்கச் சான்றிதழில் (ஈசி) இது எதுவும் தெரியாது. பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும், வாரிசுரிமை பதிவாவதில்லை. 'ஈசி கிளியராக இருக்கு சார்' என்று புரோக்கர் சொல்வது உண்மைதான், அது பாதி உண்மை.

மதுரைக்காரி

அம்மாடி. அத்தைகள் எத்தனை பேரோ?

வாடகைவாசி

ஒரு சித்தப்பா, மூன்று அத்தைகள். ஒரு அத்தை இறந்துவிட்டார். அவருக்கு நான்கு பிள்ளைகள், ஒருவர் மலேசியாவில்.

நேரடிப்பேச்சு

நான் சொன்ன ஃபைனான்ஸ் கம்பெனி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 😀

கோவை_லேத்

லீகல் விஷயத்தில் நான் தலையிடவில்லை. அந்த 12 லட்சம் ரொக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பத்திரத்தில் 40 என்று போட்டால் வங்கிக்கு அந்த வீட்டின் விலை 40தான். கடன் 30 லட்சத்துக்குள் என்றால் 90 சதவீதம், 30க்கு மேல் 75 வரை என்றால் 80 சதவீதம், அதற்கும் மேல் போனால் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. 40இல் 80 சதவீதம் 32. உள்ளபடி 52 என்று எழுதினால், வேல்யூயர் மதிப்பும் ஒத்துவந்தால் (வங்கிக்காக வீட்டை மதிப்பிடுபவர் போடும் விலை), 41.6 வரை வரம்பு இருக்கும். 12 லட்சத்தை மறைப்பதால் பத்திரச் செலவில் 9 சதவீதம், 1,08,000 மிச்சம். அதற்காக வரம்பில் 9.6 லட்சத்தை இழக்கிறோம். முதல் வீடு வாங்குகிறவனிடம் இல்லாத ஒரே பொருள் ரொக்கம்தான், அதைத்தான் விற்பவர் கேட்கிறார்.

இன்னொன்று. நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்முதல் விலை 40 என்றுதான் கணக்காகும். இன்று அவர் தப்பிக்கும் மூலதன ஆதாய வரியை அப்போது நீங்கள் கட்டுவீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது வாங்குகிற கைக்குத்தான், அதாவது விற்பவருக்கு. இதை அவரிடம் நயமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் அந்தப் பணத்தில் வேறு வீடு வாங்கப்போகிறார் என்றால் வரிவிலக்கே கிடைக்கும், ஒரு ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பேர் இல்லாத வரிக்குப் பயந்து கறுப்பில் கேட்கிறார்கள்.

கிளைமேலாளர்_ஓய்வு

'வேல்யூயர் மதிப்பும் ஒத்துவந்தால்' என்று லேத் நண்பர் சொன்னாரே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். வங்கி எடுத்துக்கொள்வது ஒப்பந்த விலை, வேல்யூயர் மதிப்பு இரண்டில் குறைந்ததை. பழைய வீட்டுக்கு நீங்கள் பேசிய விலை அப்படியே வருவது அபூர்வம். கட்டடத்துக்குத் தேய்மானம் போடுவார்கள். வரைபடத்தில் இல்லாமல் பின்னால் எடுத்துக் கட்டிய அறையைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பஞ்சாயத்து அனுமதி என்றால் மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி உண்டா என்று அடுத்த கேள்வி வரும். இல்லையென்றால், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்ததே, அதில் முறைப்படுத்திய ஆணை வேண்டும்.

பத்திரச் செலவும் கடனில் வராது. வீட்டு விலை 10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணத்தைச் சேர்க்காமல்தான் விகிதம் பார்ப்பார்கள். 52 லட்சத்துக்கு 9 சதவீதம் 4.68 லட்சம். 35.7 லட்சம் கடன் முழுதாக வந்தால்கூட உங்கள் கையிலிருந்து 21 லட்சம் போக வேண்டும். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் லீகல் சுத்தமாக இருந்திருந்தாலும் இந்த வீடு உங்களுக்கு இன்றைக்கு எட்டாது.

வாடகைவாசி

மனைவியின் வருமானத்தைச் சேர்த்தால்?

கோவை_லேத்

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறாரா? சொந்தத் தொழில் செய்பவர்களிடம் சாதாரணமாக இரண்டு, மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று பலர் தாக்கலே செய்வதில்லை. நானும் லேத் போட்ட புதிதில் அப்படித்தான் இருந்தேன், எங்கள் ஆடிட்டர்தான் பிடித்து உட்கார வைத்தார். விட்டுப்போன வருடங்களை இப்போது அப்டேட்டட் ரிட்டர்னாகப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். மூன்று வருட ரிட்டர்னும் ஒரே வாரத்தில் தாக்கலாகியிருந்தால் கிரெடிட் மேனேஜர் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். இந்த வருடத்திலிருந்து ஒழுங்காகப் போட ஆரம்பியுங்கள். ஜிபே பணம் எல்லாம் அவர் பெயரில் உள்ள ஒரே கணக்கில் வரட்டும்.

புதுவரவு_திருச்சி

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை, கிரெடிட் கார்டும் இல்லை. சிபில் பார்த்தால் மைனஸ் 1 என்று வருகிறது. ஏஜெண்ட் 'உங்களுக்குக் கிடைக்காது, முதலில் ஒரு பெர்சனல் லோன் எடுங்கள்' என்கிறார்.

கிளைமேலாளர்_ஓய்வு

எடுக்காதீர்கள். மைனஸ் 1 என்றால் கெட்ட பெயர் இல்லை, வரலாறே இல்லை என்று அர்த்தம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை வருபவரைத் தள்ளக்கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்திலும் இதைச் சொன்னார். சம்பளக் கணக்கு இருக்கும் கிளையிலேயே போய்க் கேளுங்கள், உங்கள் வரவு செலவு அவர்கள் கண்ணெதிரில் இருக்கிறது. அந்த ஏஜெண்டுக்குப் பெர்சனல் லோனிலும் கமிஷன் உண்டு, அதையும் ஞாபகம் வையுங்கள்.

மதுரைக்காரி

திருச்சிக்காரரே, மைனஸ் 1 எவ்வளவோ மேல். என் தம்பி மச்சானின் கடை லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது அவன் ரிப்போர்ட்டில் பாக்கியாக நிற்கிறது. மச்சான் கட்டவில்லை, இவனுக்கு வீட்டுக்கடன் இல்லை. தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். ஸ்கோரை மட்டும் பார்த்து நிறுத்தாமல் உள்ளே என்னென்ன கணக்கு இருக்கிறது என்று படியுங்கள். தவறாக இருந்தால் புகார் செய்யலாம், 30 நாளில் சரிசெய்யாவிட்டால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு என்றுகூட விதி இருக்கிறது.

வாடகைவாசி

அப்டேட். ஓசூர் அக்காவிடம் நானே பேசினேன். நல்ல மாதிரி. 'கையெழுத்துப் போட எனக்கு ஒன்றும் இல்லை தம்பி, என் பங்கை என் கணக்கில் போடச் சொல்லுங்கள்' என்றார். அதைக் கேட்டதும் அண்ணன்காரர் போனிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். அத்தை வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. டோக்கன் திரும்பக் கேட்டிருக்கிறேன். லோன் கிடைக்காவிட்டால் திரும்பத் தருவதாக வாட்ஸப்பில் எழுதி வாங்கியிருந்தோம், மனைவியின் யோசனை. 40,000 வந்துவிட்டது. மீதியைப் புரோக்கர் தருவதாகச் சொல்கிறார்.

பத்திரப்பித்தன்

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு சபாஷ். அடுத்த வீட்டுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: உரிமைமூலத்தில் குறை என்று வங்கி மறுத்தால் முழு முன்பணமும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று. 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும், 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைப்பதோடு முடியாது. அதற்கும் முன்னால், 3,000-5,000 ஆனாலும் ஒரு வக்கீலிடம் நகல்களைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். டோக்கனுக்கு முன் லீகல், இந்த வரிசை மாறவே கூடாது.

வாடகைவாசி

அதே பகுதியில் கட்டி முடித்த ஒரு புது ஃபிளாட் 44 லட்சத்துக்கு இருக்கிறது, பில்டரே விற்கிறார். நிறைவுச் சான்றிதழ் இருக்கிறதாம். இது எங்களுக்குக் கட்டுமா? பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வட்டி மானியம் வருமா?

கிளைமேலாளர்_ஓய்வு

மானியம் வராது. நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சம், வீட்டு விலை 35 லட்சம் என்று வரம்பு. நீங்கள் இரண்டையும் தாண்டுகிறீர்கள்.

மற்றபடி கணக்கு வருகிறது. 44இல் 80 சதவீதம் 35.2 லட்சம், உங்கள் வருமான வரம்பு 35.7, உள்ளேதான் இருக்கிறது. கையிலிருந்து 8.8 லட்சம். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாகும் ஃபிளாட்டுக்கு, மொத்த மதிப்பு 50 லட்சம் வரை என்றால் முத்திரைத் தீர்வை 4, பதிவு 2, ஆக 6 சதவீதம்தான், 2.64 லட்சம். வங்கிக்குப் பத்திரத்தை அடமானமாக வைக்கும் எம்ஓடி பதிவுக்கு 23,600 வரும். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்பதால் ஜிஎஸ்டி இல்லை, சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட்டு நம்புங்கள். பைக், போன் கடனை அடைத்தது போக உங்களிடம் 13.1 இருந்தால் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் மிஞ்சும். வங்கியின் ப்ராசசிங் ஃபீஸ், வக்கீல், வேல்யூயர், ஈபி டெபாசிட், பராமரிப்பு வைப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இறுக்கம்தான், ஆனால் நடக்கும்.

பத்திரப்பித்தன்

ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரேரா தளத்தில் பாருங்கள். நிலத்தில் உங்கள் பங்கான பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். பில்டர் நிலத்தின் மேல் புராஜெக்ட் லோன் வாங்கியிருந்தால் விற்க ஆட்சேபணை இல்லை என்ற அந்த வங்கியின் என்ஓசி உங்கள் ஃபிளாட் எண்ணைக் குறிப்பிட்டு வேண்டும். நில உரிமையாளரின் வாரிசு விவரமும் வேண்டும், பாட்டி உட்பட.

நேரடிப்பேச்சு

கார் பார்க்கிங்குக்குத் தனியாக இரண்டு, மூன்று லட்சம் ரொக்கம் கேட்பார்கள், அதையும் இப்போதே பேசிவிடுங்கள். திறந்தவெளிப் பார்க்கிங் பொதுப் பகுதி, அதை விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூடிய பார்க்கிங் என்றால் ஒப்பந்தத்தில் எண் போட்டு, 44க்குள் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வாடகைவாசி

பார்க்கிங் பற்றி அவர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, ஞாயிறு போய்க் கேட்கிறேன். பைக் லோனை இன்று காலை அடைத்துவிட்டேன்.